அறுந்த தந்தி எந்த இடத்தில் அறுந்தது என்று பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. மாலைக் காபியோடு நிதானமாகப் படியுங்கள். வகுப்பைப் போல இடையில் மணி அடிக்காது.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி சென்ற வாரம் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். அவள் மகள் கிட்டார் கற்றுக்கொள்கிறாள். ஒரே மாதத்தில் முதல் தந்தி மூன்று முறை அறுந்துவிட்டதாம். தந்தி வாங்கப் போன இடத்தில், "பாப்பாவுக்குக் கை ரொம்ப முரடு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்களாம். அன்றிலிருந்து பிள்ளை கிட்டாரைத் தொடுவதில்லை. "சார், நீங்கள் எதைக் கேட்டாலும் 1500இல் இருந்து ஆரம்பிப்பீர்களே, இதற்கும் ஏதாவது வரலாறு இருக்கிறதா?" என்று கேட்டிருந்தாள்.

இருக்கிறதம்மா. 1500இல் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் லூட், கிட்டார் போன்ற விரலால் மீட்டும் கருவிகளுக்குப் பெரும்பாலும் ஆட்டுக்குடலில் செய்த நரம்புதான் தந்தி. நமக்கு இது புதிதல்ல. யாழின் தந்திக்கு நம் முன்னோர் வைத்த பெயரே நரம்பு. சுரத்தையே நரம்பு என்று சொல்லும் வழக்கும் பழந்தமிழில் உண்டு. ஆங்கிலத்தில் அதைக் 'கேட்கட்' என்பார்கள். பெயரைக் கேட்டுப் பூனைக்குடல் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஆட்டுக்குடல்தான்.

குடலைக் கழுவி, கொழுப்பும் தசையும் போகச் சுரண்டி, கார நீரில் ஊறவைத்து, ஈரம் காயும் முன்பே முறுக்கி, இழுத்துக் கட்டி உலர்த்துவார்கள். இத்தாலி இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. ரோம், நேப்பிள்ஸ் நகரங்களின் நரம்புகளுக்கு நல்ல கிராக்கி இருந்தது. அப்ருஸ்ஸோ மலைப்பகுதியில் சாலே என்ற சிற்றூரில் இதுவே பரம்பரைத் தொழில். இன்று கிட்டார் கடைகளில் நீங்கள் பார்க்கும் டி'அடாரியோ என்ற பெயர், அந்த ஊரிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் போய்ச் சேர்ந்த ஒரு நரம்புக் குடும்பத்தின் பெயர்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த நரம்பும் அறுந்துகொண்டேதான் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் அச்சான இசைப் பயிற்சி நூல்களில் சுருதி சேர்க்கும் முறை எப்படித் தொடங்குகிறது தெரியுமா? முதல் தந்தியை அறாமல் தாங்கும் அளவுக்கு ஏற்று, பிறகு மற்றத் தந்திகளை அதற்கு இசைய வை என்று. இன்று நாம் சுருதிக்குத் தந்தியை இழுக்கிறோம். அன்று தந்தி எதுவரை தாங்குமோ அதுதான் சுருதி! நரம்பு வாங்கும்போதே இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். அதிர்வில் இரண்டு கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் நல்ல நரம்பு. கலங்கலாகத் தெரிந்தால் தடிமன் சீராக இல்லை என்று ஒதுக்கிவிடுவார்கள்.

ஏன் அப்படி அறுந்தது? இதற்கு விடை காண உதவியவர் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி. 1636இல் வெளியான தம் பெரிய இசை நூலில், தந்தியின் நீளம், இழுவிசை, எடை மூன்றுக்கும் சுருதிக்கும் உள்ள தொடர்பை விதிகளாக எழுதினார். பிளஸ் டூவில் இயற்பியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த விதியிலிருந்து ஓர் ஆச்சரியமான செய்தி கிடைக்கிறது. ஒரே பொருளால் ஆன, ஒரே நீளமுள்ள இரண்டு தந்திகள். ஒன்று மெல்லியது, மற்றொன்று தடித்தது. இரண்டையும் மெல்ல ஏற்றிக்கொண்டே போனால், ஏறக்குறைய ஒரே சுருதியில்தான் இரண்டும் அறும்! தடித்த தந்திக்கு வலிமை அதிகம் என்பது உண்மை. ஆனால் அதே சுருதிக்குக் கொண்டுவர அதே விகிதத்தில் அதிகமாக இழுக்கவும் வேண்டும். இலாபமும் நட்டமும் சரியாகிவிடும். ஆகவே, "அடிக்கடி அறுகிறதா, தடிமனான தந்தி போடு" என்று யாராவது சொன்னால், அது சுருதியின் சுமையைக் குறைக்கும் வைத்தியம் அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள்.

குடல் நரம்பு எப்போதும் தன் எல்லையை ஒட்டியே வேலை செய்தது. விரலின் வியர்வை பட்டால் ஊதும், இழை பிரியும், அறும். யார் கை பட்டாலும் இதுதான் கதை. மகா வித்துவான்களும் மாற்று நரம்பைக் கையோடு வைத்திருந்தார்கள்.

அடுத்து மந்தரத் தந்திகளின் கதை. தாழ்ந்த சுருதிக்குத் தந்தி கனமாக இருக்க வேண்டும். நரம்பைத் தடிமனாக்கினால் விறைத்துப்போய் ஒலி மழுங்கும். இதற்கு 17ஆம் நூற்றாண்டில் ஒரு வழி கண்டார்கள். நரம்பின் மீதோ பட்டு நூலின் மீதோ மெல்லிய உலோகக் கம்பியை நெருக்கமாகச் சுற்றுவது. 1664இல் லண்டன் பதிப்பாளர் ஜான் பிளேஃபோர்டு இதைப் புதிய கண்டுபிடிப்பு என்று விளம்பரம் செய்திருக்கிறார். உள்ளே இருக்கும் நூல் இழுவையைத் தாங்கும், வெளியே இருக்கும் சுற்று எடையைத் தரும். அருமையான யோசனை. இன்றைக்கும் கிட்டாரின் தடித்த தந்திகள் இதே அமைப்புதான்.

ஆனால் அன்றைக்குத்தான் தந்திக்குப் புதிய நோய் ஒன்றும் வந்தது. அதுவரை தந்தி அறுந்தது. இனி, அறாமலேயே பிரியவும் செய்யும். உள்நூல் சுருங்கினால் சுற்று தளரும், ஒலியில் ஒரு கரகரப்பு வரும். ஒரே இடத்தில் ஃப்ரெட்டில் தேய்ந்தால் சுற்று வெட்டுப்பட்டு அவிழும்.

19ஆம் நூற்றாண்டில் எஃகு வந்தது. பியானோவுக்காக இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் மிக வலுவான எஃகுக் கம்பி இழுக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கம்பி மெல்ல மெல்ல கிட்டாருக்கும் வந்தது. ஜெர்மனியிலிருந்து 1833இல் நியூயார்க் போய்ச் சேர்ந்த சி. எஃப். மார்ட்டின் தொடங்கிய பட்டறையில் நெடுங்காலம் நரம்புக்கு ஏற்ற கிட்டார்களே முதன்மை. 1920களில்தான் அந்த நிறுவனம் உள் சட்டங்களை வலுப்படுத்தி எஃகுக் கம்பிக்கு முழுமையாக மாறியது. காரணம் எளிது. எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். நரம்பின் இடத்துக்குப் பின்னால் வந்த நைலான் தந்திகளோ ஏறக்குறைய 40 கிலோதான். நைலானுக்காகச் செய்த கிட்டாரில் எஃகுக் கம்பி போட்டால் முதலில் போவது பெரும்பாலும் தந்தி அல்ல, பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும். இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

இப்போது அந்தப் பிள்ளையின் முதல் தந்திக்கு வருகிறேன். அவளுடையது எஃகுக் கம்பி போட்ட கிட்டார். வழக்கமான 65 சென்டிமீட்டர் நீளத்தில், சரியான சுருதியில், 0.012 அங்குல முதல் கம்பி தாங்குவது சுமார் பத்தரை கிலோ இழுவை. நல்ல இசைக்கம்பி அறுவதற்கு அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும். அதாவது எஃகு தன் வலிமையில் பாதியளவில்தான் வேலை செய்கிறது. நரம்பு காலத்தில் தந்தி அறுவது இயல்பு. எஃகுக் கம்பி மூன்று முறை அறுந்தால் அது இயல்பு அல்ல. எங்கோ ஓரிடத்தில் ஏதோ ஒன்று அதை வெட்டுகிறது, அல்லது கம்பி ஒரு சுரம் அதிகமாக ஏறிக்கொண்டிருக்கிறது. பத்து வயதுக் கையால் அந்தப் பாதி வலிமையை மிஞ்ச முடியாது.

நைலான் கதையையும் சொல்லிவிடுகிறேன், அதில் ஒரு போரும் இருக்கிறது. 1860களின் இறுதியில் ஜோசஃப் லிஸ்டர் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர், கார்பாலிக் அமிலத்தில் நனைத்த குடல் நரம்பைத் தையலுக்குப் பயன்படுத்தினார். அதிலிருந்து இசைக் கலைஞரும் மருத்துவரும் ஒரே சரக்குக்காகக் காத்திருக்கும் நிலை. இரண்டாம் உலகப் போர் வந்ததும் குடல் நரம்பு காயம்பட்டவர்களின் தையலுக்குப் போயிற்று. ஐரோப்பாவிலிருந்து வரத்தும் நின்றது. அப்போது அமெரிக்கக் கண்டத்தில் இருந்த ஸ்பெயின் மேதை செகோவியாவுக்கே நல்ல தந்தி கிடைக்காத நிலை. நியூயார்க்கில் கிட்டார் செய்துவந்த ஆல்பர்ட் அகஸ்டின், டூபாண்ட் நிறுவனம் 1930களில் கண்டுபிடித்த நைலான் இழையைக் கிட்டாரில் பூட்டிப் பார்த்தார். செகோவியா ஏற்றுக்கொண்டார். 1940களின் பிற்பகுதியில் நைலான் தந்தி விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் குடல் நரம்பு கிட்டாரிலிருந்து ஏறக்குறைய விடைபெற்றது. ஈரத்துக்கும் வியர்வைக்கும் அசையாத தந்தி. ஆனால் வழவழப்பானது. நரம்பு முடிச்சில் பிடித்து நின்றது, நைலான் முடிச்சை விட்டு நழுவும்!

இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு அறுந்த தந்தியை எடுத்துப் பாருங்கள். குப்பையில் போடும் முன், எந்த இடத்தில் அறுந்தது என்று அளந்து பாருங்கள்.

பிரிட்ஜின் மேல் உள்ள வெள்ளைச் சேடிலுக்கு நேராக அறுந்திருந்தால், அந்தச் சேடிலில் கூர்மையான விளிம்போ பள்ளமோ இருக்கும். 600 எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து வளைவாக்கினால் போதும். நிறைய தேய்க்காதீர்கள், உயரம் குறைந்தால் தந்தி ஃப்ரெட்டில் இடிக்கும்.

பித்தளைக் குண்டுக்குப் பக்கத்தில் முறுக்கு அவிழ்ந்து அறுந்திருந்தால், குண்டு உள்ளே சரியாக உட்காராமல் மேலே ஏறிவந்து, அந்த முறுக்குப் பகுதி சேடில் மேல் கிடக்கிறதா என்று பாருங்கள். உள்ளே உள்ள பலகை தேய்ந்திருந்தால் அப்படி ஆகும். அதைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும்.

கழுத்தின் மேல்முனையில் உள்ள நட்டில் அறுந்தால், அதன் காடி குறுகலாக இருந்து கம்பியைக் கவ்வுகிறது. சுருதி சேர்க்கும்போது 'டக்' என்று சத்தம் வந்தால் அதுவேதான். காடியில் பென்சில் முனையைத் தேய்த்துவிடுங்கள். பென்சில் கரி நல்ல மசகு. அதற்கும் அடங்காவிட்டால் காடியை அகலப்படுத்த ஆள் வேண்டும்.

முறுக்கும் கட்டையின் துளையில் அறுந்தால், துளையின் விளிம்பில் பிசிறு இருக்கும். பழைய சுற்றுத் தந்தித் துண்டை அந்தத் துளையில் விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் பிசிறு மழுங்கும்.

நடுவில், ஒரு ஃப்ரெட்டின் மேல் அறுந்தால், அந்த ஃப்ரெட் தேய்ந்து பள்ளமாகியிருக்கும். நைலான் கிட்டாரில் நான்காம் தந்தி மற்றவற்றுக்கு முன்பே போவது இதனால்தான். அதன் உள்ளே மெல்லிய நைலான் நூற்கற்றை, வெளியே மெல்லிய உலோகச் சுற்று. ஃப்ரெட் அந்தச் சுற்றை அறுத்துவிடும்.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் அறுந்தால், ட்யூனர் செயலியைப் பார்த்து ஒரு சுரம் அதிகமாக ஏற்றுகிறீர்களா, அல்லது கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். சென்னை, தூத்துக்குடி, நாகை போன்ற கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு வையுங்கள்.

பிரிவதற்கும் வைத்தியம் உண்டு. சுற்றுத் தந்திகளில் உள்கம்பி உருண்டையாக உள்ளவையும் உண்டு, அறுகோணமாக உள்ளவையும் உண்டு. அறுகோணத்தின் முனைகள் சுற்றைக் கவ்விப் பிடிக்கும். உருண்டை பிடிக்காது. ஆகவே உருண்டைத் தந்தியை நுனி வெட்டிவிட்டு மாட்டினால் சுற்று சரசரவென்று அவிழ்ந்துவிடும். முதலில் கட்டையருகே செங்கோணமாக மடித்து, சுருதி சேர்த்து முடித்த பிறகே நுனியை வெட்டுங்கள். எந்த வகை என்று தெரியாவிட்டாலும் இப்படியே செய்யுங்கள், நட்டமில்லை. நைலானில் முதல் மூன்று தந்திகளுக்குப் பிரிட்ஜில் ஒரு சுற்று அதிகமாகப் போட்டு, கடைசி மடிப்பு பிரிட்ஜின் பின்பக்க விளிம்புக்குக் கீழே அழுந்தும்படி கட்டுங்கள். மேலேயே அழுந்தினால் நழுவும். நழுவும் தந்தி சாட்டைபோல் அடித்து மரத்தில் தழும்பு போடும்.

ஒன்று முக்கியம். தந்தி கழற்றும்போது முதலில் முழுக்கத் தளர்த்துங்கள். இழுபட்ட கம்பியை வெட்டக் கூடாது. முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கண் பெரிது.

500 ஆண்டுகளாக நரம்புக்காரர்கள், உலோகம் சுற்றியவர்கள், எஃகு இழுத்தவர்கள், நைலானைப் பூட்டிப் பார்த்தவர்கள் என்று எத்தனையோ பேர், தந்தி அறுந்ததற்குக் காரணம் தேடியிருக்கிறார்கள். வாசிப்பவர் கை முரடு என்று விட்டிருந்தால் நமக்கு இவற்றில் ஒன்றும் கிடைத்திருக்காது. வீட்டில் பிள்ளைகள் கையில் ஏதாவது உடைந்தாலோ அறுந்தாலோ, திட்டுவதற்கு முன் அந்தப் பொருளை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

உங்களில் வீணை, வயலின், மாண்டலின் வாசிப்பவர்கள் இருப்பீர்கள். உங்கள் தந்தி எங்கே அறுகிறது என்று கீழே எழுதுங்கள். எல்லோரும் தெரிந்துகொள்வோம்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்