மருந்து பாதி, வெயில் பாதி

குளிசைக்கும் வெயிலுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் சிலர் வியக்கலாம். அத்தொடர்பு மிகப் பழையது. தோலில் விழும் வெண்புள்ளிகளுக்குக் கார்போகரிசியைக் கொடுத்து, அவ்விடத்தை வெயிலில் காட்டச் சொல்வது இந்திய மருத்துவ மரபில் நெடுங்கால வழக்கம். எகிப்தியர் நைல் நதிக்கரையில் வளரும் ஆத்ரிலால் என்ற செடியின் விதையை இதே நோய்க்குப் பயன்படுத்தினர். 13ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-பைத்தார் அதனை எழுதி வைத்தார்.

காரணம் புலப்படத் தொடங்கியது 1900இல். ஜேர்மனியின் மியூனிக் நகரில், பேராசிரியர் டப்பைனரின் மாணவர் ஒஸ்கார் ராப், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் பரமீசியம் என்ற ஒருகல உயிரிகளை விட்டார். வெளிச்சத்தில் அவை விரைவில் மடிந்தன, இருளில் பிழைத்திருந்தன. 1912இல் மேயர்-பெற்ஸ் என்ற ஜேர்மன் வைத்தியர் 200 மில்லிகிராம் ஹெமற்றோபோர்பிரினைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். வெயில் பட்டதும் அவரது முகமும் கைகளும் கடுமையாக வீங்கின.

1940களில் கெய்ரோவின் எல் மொஃப்தி, ஆத்ரிலால் விதையிலிருந்து பிரித்தெடுத்த சோரலின் வகைப் பொருள்களால் வெண்புள்ளிக்குச் சிகிச்சை அளித்தார். 1974இல் அமெரிக்க வைத்தியர்கள் அதே வகை மருந்தோடு புற ஊதாக் கதிரைச் சேர்த்துச் சோரியாசிஸைக் குணப்படுத்த முற்பட்டனர். ஒளி அளவு மீறினால் தோல் வெந்து கொப்புளிக்கும்.

வைத்தியர் வேண்டிப் பயன்படுத்திய இக்குணம், வேறு பல மருந்துகளில் வேண்டாத விளைவாக ஒட்டியிருக்கிறது. மருந்து தோலில் தங்கிக் கதிரை உறிஞ்சி, அச்சக்தியைச் சுற்றியுள்ள கலங்களில் இறக்கிவிடுகிறது. இரத்த அழுத்தத்துக்கான தயசைட், இதயத்துக்கான அமியோடரோன், நோய்க்கிருமிகளுக்கான டொக்சிசைக்கிளின் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை.

என் கவலை கடைசி மருந்தைப் பற்றியது. எலிக்காய்ச்சலைத் தடுக்க நம் கமக்காரருக்கு வழங்கப்படுவது டொக்சிசைக்கிளின்தான். நாள் முழுதும் வெயிலில் வயலில் நிற்பவரும் அவரே. எலிக்காய்ச்சல் உயிரைக் குடிக்கும். ஆகவே குளிசையைத் தவிர்க்கும்படி நான் சொல்லவில்லை. முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் அணியுங்கள், தோல் எரிந்து சிவந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள் என்று குளிசையோடு சேர்த்துச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அது சொல்லப்படாவிட்டால், தோல் எரிந்த கமக்காரர் அடுத்த வாரக் குளிசையை வரம்பில் வீசிவிட்டுப் போவார். பிறகு அவரைக் காக்க எதுவுமில்லை.