மேத்திசன், ரிச்சர்ட் (1926–2013)
அமெரிக்கக் கதாசிரியர், தொலைக்காட்சித் திரைக்கதையாசிரியர். ராட் செர்லிங்கின் ‘ட்வைலைட் ஜோன்’ தொடருக்கு இவர் எழுதியவற்றுள் முதலில் சொல்லத் தக்கது ‘தி இன்வேடர்ஸ்’ (1961). தனி வீட்டில் வாழும் பெண்ணொருத்தி, கூரையில் இறங்கிய கலத்திலிருந்து வந்த குட்டி உருவங்களோடு போராடுகிறாள். ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. கோடரியால் அவள் நொறுக்கும் கலம் அமெரிக்க விமானப்படையுடையது என்பது கடைசியில்தான் தெரியவருகிறது. அச்சத்தை இத்தனை சிக்கனமாக எழுதியவர்கள் அரிது. ‘நைட்மேர் அட் 20,000 ஃபீட்’டில் (1963) விமான இறக்கையில் நிற்கும் விசித்திர உருவம் ஒரே ஒரு பயணியின் கண்ணுக்குத்தான் படுகிறது. ஹிட்ச்காக் தொடருக்குக் குற்றக்கதைகளும், ‘ஸ்டார் டிரெக்’குக்கு ‘தி எனிமி விதின்’ (1966) பகுதியும் எழுதினார். ஜெஃப் ரைஸின் கதையைத் தழுவிய ‘தி நைட் ஸ்டாக்கர்’ (1972) தொலைக்காட்சிப் படத்தில், லாஸ் வேகாஸ் கொலைகளைத் துருவும் நிருபர் கோல்சாக் ரத்தக்காட்டேரியிடம் போய்ச் சேர்கிறார். பின்னாளில் ‘எக்ஸ்-ஃபைல்ஸ்’ பிறக்க உந்துதலாக இருந்தவர் இந்த நிருபரே.