கோழிக்கோட்டுத் துறையில் ஒரு கேள்வி

பள்ளி வரலாற்று நூல்களில் ஐரோப்பாவும் ஆசியாவும் பெரும்பாலும் தனித்தனி அத்தியாயங்களாகவே இடம்பெறுகின்றன. அவை முதன்முதலாகச் சந்திக்கும் பக்கம், 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த செய்தியைக் கூறும் பக்கமாகவே அமைந்துவிடுகிறது. ‘கடல்வழி கண்டுபிடிக்கப்பட்டது’ என மனனம் செய்யும் மாணவர், அதற்கு முன் இரு கண்டங்களும் ஒன்றையொன்று அறியாதிருந்தன என்றே எண்ணிக்கொள்கிறார். ஒரு சாரார் கண்டுபிடிப்பவர், மற்றொரு சாரார் கண்டுபிடிக்கப்படுபவர் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றிவிடுகிறது.

ஆனால் அந்த நிகழ்ச்சியே இவ்வெண்ணத்தை மறுக்கிறது. அப்பயணத்தில் பங்குகொண்ட ஒருவரின் நாட்குறிப்பு, கரையில் முதலில் இறக்கப்பட்ட போர்த்துகீசியரை ஊரார் இரண்டு முஸ்லிம்களிடம் அழைத்துச் சென்றதாகக் கூறுகிறது. அவ்விருவரும் தூனிஸைச் சேர்ந்தவர்கள். கஸ்தீலிய மொழியும் ஜெனோவா மொழியும் பேசத் தெரிந்தவர்கள். எதைத் தேடி இவ்வளவு தொலைவு வந்தீர் என வந்தவரை அவர்கள் வினவினர். ஐரோப்பிய மொழிகளை அறிந்தோர் கோழிக்கோட்டில் முன்னரே இருந்தது எவ்வாறு? இக்கேள்வியை மாணவர்முன் வைப்பதே நல்ல பாடத்தின் தொடக்கமாகும்.

அதற்கான விடை செங்கடல் வழியில் கிடைக்கிறது. கெய்ரோவின் பழம்பகுதியான ஃபுஸ்தாத்தில், யூத வழிபாட்டு இல்லம் ஒன்றில் சேமிக்கப்பட்டிருந்த கடிதங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆய்வாளர் கைக்கு எட்டின. தூனிசியாவின் மஹ்திய்யா நகரத்தவரான ஆபிரகாம் பின் யிஜூ என்னும் யூத வணிகரின் கடிதங்களும் அவற்றுள் அடங்கும். அவர் 12ஆம் நூற்றாண்டில் பல ஆண்டுகள் மங்களூரில் வாழ்ந்து, ஏடன் வணிகருடன் மிளகும் இரும்பும் வாணிபம் செய்தார். வாஸ்கோ ட காமாவுக்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே மத்தியதரைக் கடலும் மலபாரும் வணிகத்தால் இணைந்திருந்தன என்பதற்கு அவரது வாழ்க்கையே சான்று.

சரக்குகளோடு அறிவும் பயணம் செய்தது. பிரம்மகுப்தர் 628இல் பூச்சியத்தைக் கொண்டு கணக்கிடும் விதிகளை வகுத்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல் குவாரிஸ்மீ, இந்தியக் கணக்கு முறை பற்றி அரபியில் நூல் இயற்றினார். இன்று அதன் லத்தீன் வடிவமே எஞ்சியுள்ளது. இன்றைய அல்ஜீரியாவிலுள்ள பிஜாயா துறைமுகத்தில், பைசா நகர வணிகரின் அலுவலராகப் பணியாற்றினார் ஒருவர். அங்கு இம்முறையைக் கற்ற அவர் மகன் லியோனார்டோ, 1202இல் தம் கணித நூலை எழுதினார். இவர் பின்னாளில் ஃபிபொனாச்சி எனப் பெயர்பெற்றார். ஐரோப்பா இதனை உடனே ஏற்றுவிடவில்லை. ஃப்ளாரன்ஸ் நகர நாணய மாற்றுவோர் சங்கம் 1299இல் கணக்கேடுகளில் இவ்வெண்களைப் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தது.

இவ்வரலாற்றைப் பெருமைக்காக மட்டும் கற்பித்தல் போதாது. வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டியவர் புகழ்பெற்ற கடலோடி இப்னு மாஜித் என்னும் செய்தி நம்மிடையே பரவலாக வழங்குகிறது. மக்காவில் 16ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு வரலாற்று நூலே அதன் ஊற்று. போர்த்துகீசியக் குறிப்புகளோ மாலிந்தியில் ஏறிய வழிகாட்டியைக் குஜராத்தியர் என்கின்றன. ஆய்வாளர் பலர் அச்செய்தியை ஏற்பதில்லை. சான்று வலுவற்றது எனில், நமக்கு உகந்த செய்தியையும் விலக்கி வைப்பதே முறை. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்து வளர்ந்த நம் மரபுக்கு இது புதியதன்று.

அல் குவாரிஸ்மீ அவ்வெண்களை இந்தியருடையவை என்றே கூறினார். லியோனார்டோவும் அவற்றை இந்தியரின் ஒன்பது இலக்கங்கள் என்றே அறிமுகம் செய்தார். பின்வந்த ஐரோப்பியர் அவற்றை ‘அரபு எண்கள்’ என அழைத்தனர். பெற்றவர் தமக்குத் தந்தவரைப் பெயர்சொல்லி நினைத்த இந்நேர்மையே மாணவர் கற்க வேண்டிய முதற்பாடம்.

ஆசிரியர் ஒரு நிலப்படத்தில் மஹ்திய்யா, ஃபுஸ்தாத், ஏடன், மங்களூர் ஆகிய ஊர்களை ஒரு கோட்டாலும், பக்தாத், பிஜாயா, பைசா ஆகியவற்றை மற்றொரு கோட்டாலும் மாணவரைக் கொண்டே இணைக்கச் செய்யலாம். அதன்பின் 1498ஆம் ஆண்டுப் பாடத்தைத் திறந்தால், ‘கண்டுபிடிப்பு’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என அவர்களே வினவுவர்.