ஹோம் தியேட்டர்: ஒயரின் கதையும் மூலையின் கதையும்

1974-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் 'எர்த்க்வேக்' என்ற படம் வெளியானது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைப் பூகம்பம் தாக்கும் கதை. திரையில் கட்டடம் ஆடும்போது பார்ப்பவரின் இருக்கையும் அதிர வேண்டும் என்று யுனிவர்சல் நிறுவனம் 'சென்சரவுண்ட்' என்ற முறையைக் கொண்டு வந்தது. காதுக்குக் கேட்பதைவிட உடம்புக்கே அதிகம் உறைக்கும் தாழ்ந்த ஒலியைப் பெரிய ஒலிபெருக்கிகள் அரங்கில் பாய்ச்சின. ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில், கூரைக் காரை உதிர்ந்து ரசிகர்கள் தலையில் விழாமலிருக்க வலை கட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இன்று வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் சப்வூஃபரின் மூதாதையர்களில் அதுவும் ஒன்று. 1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் 70 எம்.எம். பிரதிகள் பேஸ் ஒலிக்கென்றே தனித் தடங்களைப் பயன்படுத்தின. 1987-இல் டாம்லின்சன் ஹோல்மன் '5.1' என்ற பெயரை வைத்தார். ஐந்து முழுத் தடங்கள். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பேஸுக்கு மட்டும் ஒரு குட்டித் தடம். அதுதான் அந்த '.1'. 1992-இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' மூலம் டால்பி டிஜிட்டல் தியேட்டருக்கு வந்தது. 1997-இல் டிவிடி அமெரிக்கக் கடைகளுக்கு வந்த பிறகு அதே ஆறு தடங்கள் வீடுகளிலும் பரவலாகின.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு கேள்விகள் எழுந்தன. எந்த ஒயரை வாங்குவது? சப்வூஃபரை எங்கே வைப்பது? முதல் கேள்விக்குப் பணமும் விவாதமும் குவிந்தன. ஒலியை அதிகம் மாற்றுவதோ இரண்டாவது கேள்வியின் பதில்!

ஒயரின் கதை

1970-களின் நடுப்பகுதி வரை ஒலிபெருக்கிக்கென்று பெரிதாக யாரும் ஒயர் தேடியதில்லை. மேஜை விளக்குக்குப் போடும் சாதாரண ஒயரே போதும் என்றிருந்தார்கள். நோயல் லீ என்ற பொறியாளர் இதை மாற்றினார். தடித்த தாமிர ஒயரை 'மான்ஸ்டர் கேபிள்' என்ற பெயரில் 1970-களின் இறுதியில் விற்கத் தொடங்கினார். ஆம்ப்ளிஃபையரில் கிடைக்கும் லாபத்தைவிடக் கேபிளில் லாப விகிதம் அதிகம் என்பதால் கடைக்காரர்களும் ஆர்வமாக விற்றார்கள்.

1983-இல் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகையில் லாரன்ஸ் கிரீன்ஹில் ஒரு சோதனையை வெளியிட்டார். மெல்லிய 24 கேஜ் ஒயர், விளக்கு ஒயர் போன்ற 16 கேஜ் ஒயர், மான்ஸ்டர் கேபிள் என மூன்று. எது ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியாது. இரைச்சல் போன்ற சோதனை ஒலியில் மெல்லிய ஒயரை அடையாளம் கண்டார்கள். ஆனால் இசை ஒலித்தபோது 16 கேஜுக்கும் மான்ஸ்டருக்கும் உள்ள வேறுபாட்டை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

காரணம் எளிது. 5 மீட்டர் தூரத்துக்கு ஒயர் இழுத்தால் போக வர 10 மீட்டர். 16 கேஜ் தாமிரத்தில் அதன் மின்தடை சுமார் 0.13 ஓம். 8 ஓம் ஒலிபெருக்கிக்கு இது 2 சதவீதம்கூட இல்லை. அதே தூரத்துக்கு 24 கேஜ் என்றால் 0.84 ஓம், அதாவது 10 சதவீதத்துக்கு மேல். ஆக, தடிமன் பற்றி நோயல் லீ சொன்னது முழுப் பொய் அல்ல. தூரம் கூடினால் தடிமனும் கூட வேண்டும். அதற்கு மேல் கொடுக்கும் காசு காதுக்குப் போய்ச் சேர்வதில்லை. வீட்டு சப்வூஃபர்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் இருப்பதால், அவற்றுக்கு இந்த ஒயரே தேவையில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

மூலையின் கதை

5 மீட்டர் நீளமுள்ள அறையில் சுமார் 34 ஹெர்ட்ஸ் ஒலி இரு சுவர்களுக்கிடையே நிலை அலையாக நிற்கும். சுவரோரம் அந்த ஒலி வீங்கும். நட்ட நடுவில் ஏறத்தாழக் காணாமல் போகும். ஒரே பெட்டி, ஒரே படம், ஆனால் ஓர் இருக்கையில் இடி, இன்னொன்றில் அமைதி! மூலையில் வைத்தால் சத்தம் கூடும், ஆனால் இந்த மேடு பள்ளங்களும் வலுவாகத் தூண்டப்படும்.

2002-இல் ஹார்மன் நிறுவனத்தைச் சேர்ந்த டாட் வெல்டி, செவ்வக அறையில் எத்தனை சப்வூஃபர், எந்தெந்த இடத்தில் என்று ஆராய்ந்து வெளியிட்டார். நான்கு சுவர்களின் நடுப்புள்ளிகளில் நான்கு வைத்தால் எல்லா இருக்கைகளிலும் ஒலி சீராக வந்தது. எதிரெதிர் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்தாலே கிட்டத்தட்ட அதே பலன் கிடைத்தது. நான்குக்கு மேல் வைத்துப் பெரிய லாபமில்லை.

ஒரே ஒரு சப்வூஃபர் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. ஒலி எழும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் பலன் ஒன்றே என்ற விதியை ஹெல்ம்ஹோல்ட்ஸும் ரேலேயும் 19-ஆம் நூற்றாண்டிலேயே நிறுவிவிட்டார்கள். அதன்படி சப்வூஃபரை உட்காரும் நாற்காலியில் வைத்து, பேஸ் அதிகமுள்ள ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேட்க வேண்டும். எங்கே ஒலி சீராகக் கேட்கிறதோ அங்கேதான் பெட்டிக்கு இடம்.

அப்படியிருந்தும் ஒயர்தான் ஏன் அதிகம் பேசப்பட்டது? ஒயரைப் பாக்கெட்டில் போட்டு விலை ஒட்டி விற்க முடியும். பெட்டியை இரண்டடி நகர்த்தும் யோசனையை எந்தக் கடையும் விற்க முடியாது. விலை அதிகமானால் தரமும் அதிகம் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. தவழ்ந்து கேட்பதற்கு ஆகும் செலவோ அரை மணி நேரமும் கொஞ்சம் முழங்கால் வலியும்தான்!