நங்கூரம் தூக்கிய கைகள்

பினாங்கு லிட்டில் இந்தியாவிலிருந்து சற்று நடந்தால் கடற்கரை. 1786இல் பிரான்சிஸ் லைட் இங்கே குடியேற்றம் அமைத்தபின், சோழமண்டலக் கரையின் பாய்மரக் கப்பல்கள் வந்து நங்கூரமிட்டன. அவற்றில் வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைச் சூலியா தெரு இன்றும் தாங்கி நிற்கிறது.

நங்கூரத்தைத் தூக்குவதுதான் பெரும்பாடு. மாலுமிகள் நெம்புகட்டைகளைப் பிடித்து உருளையைச் சுற்றித் தள்ளுவார்கள். பிடி நழுவினால் சங்கிலியின் பாரம் உருளையைத் திருப்பிச் சுழற்றும். கட்டை ஆளை அடித்து வீழ்த்தும். அதைத் தடுக்கவே உருளையில் தடைப்பல் வைத்தார்கள்.

பிறகு நீராவி வந்தது. 1926இல் கட்டப்பட்டு, 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு என ஓடிய 'ரஜூலா' அக்காலத்துக் கப்பல். நாகையில் அது கரைக்கு வர இயலாது, தள்ளியே நங்கூரமிடும். பயணிகள் படகில் போய் ஏறுவார்கள்.

இன்று சிறு பாய்ப்படகிலும் ஒருவர் பொத்தானை அழுத்தினால் போதும். நங்கூர மோட்டாருக்கு வேண்டிய பெரும் மின்னோட்டத்தைப் பொத்தான் தாங்காது. அதனால் இடையே ஒரு 'ரிலே' உண்டு. அது ஒட்டிக்கொண்டால், பொத்தானை விட்டாலும் சங்கிலி ஓடும். எனவே கைக்கெட்டும் இடத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சு அவசியம்.

அன்றைய தடைப்பல் செய்த காவலைத்தான் இந்தச் சுவிட்சும் செய்கிறது.