தஞ்சையில் முறுமுறுப்பும் நம்பிக்கையும்

கடவுளுக்கு எதிராக முறுமுறுப்பதைக் கிறிஸ்தவ மறை, பசியால் வரும் சிணுங்கலாகப் பார்ப்பதில்லை, அவநம்பிக்கையாகவே பார்க்கிறது. எகிப்திலிருந்து மீட்கப்பட்ட இஸ்ரவேலர் வனாந்தரத்தில் அப்பத்துக்காகவும் தண்ணீருக்காகவும் முறுமுறுத்தனர். அன்றன்றைக்குக் கிடைத்த மன்னா என்னும் உணவை மறுநாளுக்கு எடுத்து வைத்தவர்களுக்கு அது புழுத்து நாறியது. கானானுக்குப் போக அஞ்சிய தலைமுறை 40 ஆண்டுகள் அலைந்து மடிந்தது. இதையே பவுல் கொரிந்து சபைக்கு எச்சரிக்கையாக எழுதினார்.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மறைப்பணியாளர் சீகன்பால்குவின் முயற்சியால் புதிய ஏற்பாடு 1715க்குள் தமிழில் அச்சாகி, அந்த எச்சரிக்கையும் காவிரிக் கரைக்கு வந்தது. அதைக் கேட்டவர்களின் நம்பிக்கைக்குக் கடும் சோதனை 1780களில் நேர்ந்தது. மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியின் படையெடுப்பில் வயல்கள் தரிசாகி, தஞ்சைச் சீமை பஞ்சத்தில் வாடியது. போதகர் சுவார்ட்ஸ் முன்கூட்டியே நெல் வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார். பசித்தவர்களுக்கு அது சோறானது. விசுவாசம் என்பது கைகட்டி இருப்பதல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

விளைச்சலில் தங்கள் பங்கை இழந்த குடியானவர்கள் ஊரைவிட்டு ஓடினர். தஞ்சை அரசரின் வாக்கை அவர்கள் நம்பவில்லை. சுவார்ட்ஸ் உறுதி கொடுத்ததும் சுமார் 7,000 பேர் திரும்பி வந்து ஏர் பூட்டினர். அநீதிக்கு எதிரான இந்த மனக்குறையை முறுமுறுப்போடு சேர்க்கக் கூடாது. சங்கீதங்களிலும் கடவுளிடமே முறையிடும் குரல் உண்டு. அவரை விட்டு விலகி முணுமுணுப்பதுதான் பாவம்.

1798இல் சுவார்ட்ஸ் மறைந்தபின், அவரால் வளர்க்கப்பட்ட தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய பளிங்கு நினைவுச் சிற்பம் தஞ்சைக் கோட்டைத் தேவாலயத்தில் இருக்கிறது.