வீட்டுப் பூட்டில் சாவி மாற்றுதல்

கதவில் பொருத்திய பூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் உள்ளுறுப்புகளை மட்டும் மாற்றியமைத்துப் பழைய சாவி செல்லாதபடியும் புதிய சாவி செல்லும்படியும் செய்யும் வேலை சாவி மாற்றுதல் எனப்படும். குடித்தனக்காரர் காலி செய்து போகும்போதும், சாவிக்கொத்து தொலையும்போதும், பாகப்பிரிவினைக்குப் பின் வீடு ஒருவர் கைக்கு வரும்போதும் இது தேவைப்படுகிறது. கடைத்தெருப் பேச்சில், பூட்டின் வகையைப் பொறுத்து, ‘பின் மாத்துறது’ என்றோ ‘லீவர் மாத்திப் போடுறது’ என்றோ சொல்வார்கள். மாற்றுச் சாவி வெட்டுவது வேறு வேலை. அதில் பூட்டு மாறுவதில்லை. பழைய சாவியும் செல்லும்.

தோற்றம்

பூட்டின் வரலாறு நெடியது. சாவியை மாற்றிக்கொள்ளும் பூட்டின் வரலாறு இருநூறு ஆண்டுக்குள் அடங்குவது. அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோனின் கோர்சாபாத் அரண்மனை இடிபாடுகளில், கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மரப்பூட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. மரத்தாழின் துளைகளில் மேலிருந்து விழுந்து நிற்கும் முளைகளை, முளை பதித்த சாவியால் தூக்கிவிட்டுத் தாழை இழுப்பது அதன் வேலைமுறை. எகிப்திலும் இதே வகை வழங்கியது. இன்றைய சிலிண்டர் பூட்டும் அடிப்படையில் இதே முறையில்தான் இயங்குகிறது.

தமிழ்நாட்டுப் பழைய வீடுகளிலும் கோயில்களிலும் கதவின் துளை வழியே விடும் நீண்ட கொக்கிச் சாவி வழக்கிலிருந்தது. வளைந்த இரும்புக் கம்பியின் நுனி உள்ளே சென்று தாழை நெம்பித் தள்ளும். அது தொலைந்தால் கொல்லர் அதே வளைவில் இன்னொன்று அடித்துத் தருவார். அந்த வளைவு தெரிந்த எவரும் திறக்கலாம் என்பதே அதன் குறை. சாவியை மாற்றும் பேச்சுக்கு அங்கே இடமில்லை.

1778இல் இங்கிலாந்தின் ராபர்ட் பேரன் இரட்டைச் செயல் லீவர் பூட்டுக்கு உரிமம் பெற்றார். லீவரைத் தூக்கினால் மட்டும் போதாது, சரியான உயரத்துக்கே தூக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் தாழ் நகராது. 1784இல் ஜோசப் பிராமா உருளை வடிவப் பூட்டைக் கொண்டுவந்தார். போர்ட்ஸ்மவுத் கப்பல் துறையில் நடந்த திருட்டை அடுத்து, 1818இல் ஜெரமையா சப் செய்த பூட்டு, கள்ளச்சாவி போட்டால் இறுகிக்கொண்டு வீட்டுக்காரருக்குக் காட்டிக்கொடுத்தது.

இவர்கள் எல்லோரும் பூட்டைத் திறக்க முடியாததாக்கப் பாடுபட்டவர்கள். சாவி தவறான கைக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை கண்டவர் அமெரிக்காவின் நியூ ஜெர்சியைச் சேர்ந்த சாலமன் ஆண்ட்ரூஸ். 1836இல் அவர் செய்த பூட்டில் உள்ளுறுப்புகளும் சாவியும் மாற்றியமைக்கக்கூடியவை. வீட்டுக்காரரே எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். சாவி மாற்றும் பூட்டின் தந்தை அவரே. அவரைத் தொடர்ந்து ராபர்ட் நியூவெல் வங்கிகளுக்காகச் செய்த பூட்டில், சாவியின் பற்களைத் தனித்தனியே கழற்றி இடம் மாற்றிப் பூட்டினால், பூட்டு அந்த வரிசைக்குத் தன்னை அமைத்துக்கொண்டது. 1851 லண்டன் உலகக் கண்காட்சிக்கு அதைக் கொண்டுவந்த ஏ.சி. ஹாப்ஸ், அந்தப் பயணத்திலேயே சப் பூட்டையும், பல நாட்களில் 51 மணி நேரம் உழைத்துப் பிராமா பூட்டையும் திறந்து காட்டினார். திறக்கவே முடியாத பூட்டு என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று. 1860களில் லைனஸ் யேல் (இளையவர்) தட்டைச் சாவியும் சிறு பின்களும் கொண்ட சிலிண்டர் பூட்டை வடிவமைத்தார். உலகம் முழுவதும் வீட்டுக் கதவுகளில் பரவியது அதுதான்.

இந்தியாவில் அர்தேஷிர் கோத்ரேஜ் 1897இல் பம்பாயில் பூட்டுத் தொழில் தொடங்கினார். வடக்கே அலிகார் பூட்டு நகரமாயிற்று, தெற்கே திண்டுக்கல். திண்டுக்கல்லில் நல்லாம்பட்டி உள்ளிட்ட சுற்றுக் கிராமங்களில் வீடுதோறும் பூட்டு செய்தார்கள். மாங்காய்ப் பூட்டு, சாவி திரும்பும்போது மணியடிக்கும் பூட்டு, இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டு, அலமாரிப் பூட்டு, ஷட்டர் பூட்டு என ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் செய்வதால் ஒரு பூட்டின் லீவர் வெட்டு இன்னொன்றில் அப்படியே அமைவதில்லை. இந்தப் பட்டறைகள் சாவி மாற்றும் கலைக்கும் நல்ல பயிற்சிக்களம். சாவிக்கு லீவரையும் லீவருக்குச் சாவியையும் கண்பார்வையில் ஒத்துவரச் செய்தவர்களுக்குப் பூட்டைப் பிரித்து மறுபடி அமைப்பது பெரிய காரியமில்லை.

வகைகள்

சாவி மாற்றும் நோக்கில் வீட்டுப் பூட்டுகளை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது லீவர் பூட்டு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பித்தளைத் தகடுகளே லீவர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளம் உண்டு. சாவியின் படிகள் எல்லாப் பள்ளங்களையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தினால், தாழில் உள்ள முளை அவற்றினூடே புகுந்து நகரும். தகடுகளின் அடுக்கு வரிசையை மாற்றினால் பழைய சாவி செல்லாது. புதிய வரிசைக்கு ஏற்பச் சாவி வெட்டிக்கொள்ளலாம். ஆறு லீவர்களும் ஆறு விதமாக இருந்தால் 720 வரிசைகள் கிடைக்கும். ஆனால் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் அதே சாவியைப் போடும் கதவுப் பூட்டில் இந்தக் கணக்கு நிற்காது. அங்கே சாவியின் வெட்டுகள் நடுவிலிருந்து இரு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஆறு லீவர்கள் மூன்று இணைகளாகிவிடும். வரிசைகளும் ஆறாகச் சுருங்கும். அனுபவமுள்ள தொழிலாளர் இந்த நிலையில் ஓர் இணையை எடுத்துவிட்டு, பழைய பூட்டுகளிலிருந்து சேர்த்துவைத்த வேறு லீவர்களைப் போடுவார்.

இரண்டாவது பின் சிலிண்டர். வெளிக்கூடு ஒன்று, சாவி நுழைந்து சுழலும் உள்ளுருளை ஒன்று. இரண்டுக்கும் குறுக்கே ஐந்தாறு துளைகளில் சாவிப்பின், மேற்பின், ஸ்பிரிங் என மூன்று மூன்றாக நிற்கின்றன. சரியான சாவி நுழைந்தால், இரு பின்களும் சந்திக்கும் இடம் உருளையின் விளிம்போடு ஒன்றிவிடும், உருளை சுழலும். சாவி மாற்றுவது என்றால் சாவிப்பின்களை மாற்றுவதுதான்.

மூன்றாவது, கழற்றி மாட்டும் சிலிண்டர். கதவின் ஓரத்தைக் குடைந்து உள்ளே பொருத்தும் மார்ட்டிஸ் பூட்டுகளில் வரும் யூரோ சிலிண்டர், கதவின் ஓரத் தகட்டிலிருந்து போகும் ஒற்றை நீளத் திருகில் நிற்கிறது. திருகைக் கழற்றி, சாவியைச் சற்றே திருப்பி, உள்நாக்கைக் கூட்டோடு ஒட்டவைத்து இழுத்தால் கையோடு வந்துவிடும். அதே நீளத்தில் வேறு சிலிண்டரை மாட்டினால் சாவி மாறியாயிற்று.

நான்காவது, தானே சாவி மாறும் பூட்டு. சாலமன் ஆண்ட்ரூஸ் நினைத்தது இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் க்விக்செட் நிறுவனத்தின் ஸ்மார்ட்கீ பூட்டாக வீடுகளுக்கு வந்தது. பழைய சாவியைப் போட்டுக் கால் சுற்றுத் திருப்பி, அருகிலுள்ள சிறு துளையில் அதற்கான கம்பியை அழுத்தி, சாவியை எடுத்துப் புதிய சாவியைப் போட்டுத் திருப்பினால் பூட்டு புதிய சாவியைப் பழகிக்கொள்ளும். அமெரிக்க வீடுகளில் மிகுதி, இங்கே அரிது. நம் கடைகளில் இதற்கு நெருங்கிய உறவு, தச்சருக்கு ஒரு சாவியும் வீட்டுக்காரருக்கு வேறு சாவிகளும் தரும் பூட்டு. வீட்டுக்காரர் தம் சாவியை முதன்முறை போட்டுத் திருப்பியதும் தச்சர் சாவி செல்லாததாகிவிடும். புதுவீடு கட்டுவோர் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டிய வசதி இது.

தொங்குபூட்டுகளில் பல, தட்டி ரிவெட் அடித்தவை. ரிவெட்டை அரத்தால் தேய்த்து எடுத்தே உள்ளே போக முடியும். வேலைக்கூலி பூட்டின் விலையை எட்டிவிடுவதால் அவற்றில் சாவி மாற்றுவோர் குறைவு.

செய்முறை

நல்ல தொழிலாளர் திருப்புளியை எடுக்கும் முன் கதவைத் திறந்துவைத்துச் சாவியைத் திருப்பிப் பார்ப்பார். திறந்த நிலையில் சுகமாகத் திரும்பி, சாத்திய நிலையில் இறுகினால் பூட்டில் குறையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊதித் தாழ் நிலைத்தகட்டின் துளைக்கு நேராக விழாமல் போயிருக்கும். தகட்டை இம்மியளவு நகர்த்தினால் போதும். தேங்காய் எண்ணெய் விட்டு, அது தூசியோடு பிசினாகி இறுகும் பூட்டுகளும் ஏராளம். பெட்ரோலில் கழுவிக் காயவைத்துக் கிராஃபைட் தூள் போட்டாலே பாதிப் பூட்டுகள் பிழைத்துவிடும்.

பின் சிலிண்டரில் வேலை நுணுக்கமானது. செல்லும் சாவியைப் போட்டு உருளையைச் சிறிது திருப்பிக்கொள்வார்கள். பின்னால் உள்ள வளையத்தையோ திருகையோ எடுத்துவிட்டு, உருளையின் பருமனுக்குச் சமமான ஓர் உருட்டுக்கோலால் அதைப் பின்னிருந்து தள்ளுவார்கள். உருளை முன்பக்கம் வெளியே வர வர அதன் இடத்தைக் கோல் நிரப்பிக்கொண்டே வரவேண்டும். ஓர் இழை இடைவெளி விட்டாலும் மேற்பின்களும் ஸ்பிரிங்குகளும் தெறித்துவிடும். சுத்தமான வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் இந்த வேலையைச் செய்வதன் காரணம் இதுவே. பழைய சாவிப்பின்களைக் கொட்டிவிட்டு, புதிய சாவியை உருளையில் செருகி, துளைக்குத் துளை பின்களைப் போட்டுப் பார்ப்பார்கள். பின்னின் தலை உருளையின் மேல்மட்டத்தோடு சமமாக நிற்க வேண்டும். விரல்நுனியால் தடவினால் மேடோ பள்ளமோ தட்டக்கூடாது. வெளிநாட்டுத் தொழிலாளரிடம் அளவு வாரியான பின் பெட்டி இருக்கும். அது கைக்கு எட்டாத ஊர்களில் நீளப் பின்னைப் போட்டுத் தலையை அரத்தால் ராவிச் சமமாக்குகிறார்கள். இது குறைபாடான முறை என்று தொழில்நூல்கள் சொல்லும். பொறுமையாக ராவினால் குறை ஒன்றுமில்லை. உருளையைக் கீறாமல் பின்னை வெளியே எடுத்து ராவ வேண்டும், அவ்வளவே.

லீவர் பூட்டில் மேல்தகட்டைத் திறந்து, வரிசை மாற்றியபின், சாவி வெட்டும் வேலை திறந்த பூட்டின் எதிரிலேயே நடக்கிறது. வெறும் சாவித்தகட்டை மெழுகுவர்த்திப் புகையில் கறுப்பாக்கி, உள்ளே விட்டுத் திருப்பி எடுத்தால், லீவர்கள் பட்ட இடங்கள் பளிச்சென்று தெரியும். அந்த இடத்தில் மட்டும் அரம் போகும். இரண்டு தேய்ப்பு, ஒரு பார்வை. மறுபடி இரண்டு தேய்ப்பு. பள்ளம் முளைக்கு நேரே வந்து நின்றதும் அந்தப் படி முடிந்தது. ஒரு தேய்ப்பு கூடிவிட்டால் சாவித்தகடு வீண்.

முன்வாசல், கொல்லைப்புறம், மாடிக்கதவு மூன்றுக்கும் ஒரே சாவி அமைப்பதும் இதே வேலைதான். மூன்றும் ஒரே வகைச் சாவித்துளை கொண்டவையாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

எந்த வகை நல்லது என்பதில், நம் தூசிக்கும் மழைக்கும் லீவர் பூட்டே தாக்குப்பிடிக்கிறது. மார்ட்டிஸ் பூட்டுகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2209ஆம் எண் தரம் உள்ளது. வாங்கும்போது அதைக் கவனிக்கலாம்.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில்

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற வட்டாரம் இது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாவி மாற்றுவதற்கு இங்கே கூடுதல் நியாயம் இந்த மரவேலையிலிருந்து வருகிறது. வேறு கம்பெனிப் பூட்டுக்கு மாறினால் உடற்கூட்டின் நீளமும் கைப்பிடித் தகட்டின் துளைகளும் மாறும். கதவைப் புதிதாகக் குடைய வேண்டும். யாளியோ கொடிக்கருக்கோ செதுக்கிய கதவில் உளி வைப்பதைவிட, இருக்கும் பூட்டின் உள்ளை மாற்றுவதே அறிவுள்ள வழி. பழைய குடைவைச் சக்கை வைத்து அடைத்த கதவு ஒருநாளும் முன்போல் ஆகாது.

இந்த மாவட்டத்தின் கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். வெள்ளிமலை, கரியாலூர்ப் பகுதியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கீழே இறங்கும் ஒருவருக்கு, தொழிலாளரை மேலே அழைப்பதைவிடச் சிலிண்டரை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவது எளிது. அதுவரை நாதாங்கியில் ஒரு தொங்குபூட்டு கதவைக் காக்கும். லீவர் பூட்டாக இருந்தால் முழுக் கூட்டையும் கழற்ற வேண்டும். கைப்பிடி, தகடு, திருகுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிக்கொண்டு வருவது நல்லது. திருகுகள் பாதி வழியில் தொலைந்தால் அதே அளவில் கிடைப்பது கடினம்.

வீடு யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வேலை தொடுவதில்லை என்பது நேர்மையான தொழிலாளரின் வழக்கம். கையில் கொண்டுவந்த சிலிண்டர் எந்தக் கதவிலிருந்து வந்தது என்பதைச் சிலிண்டர் சொல்லாது. அறிமுகமில்லாதவர் செல்லும் சாவி இல்லாமல் கொண்டுவந்தால் முகவரியும் அடையாள அட்டையும் கேட்பது முறை. கேட்பவரைக் கோபித்துக்கொள்வது தகாது.

இன்றைய நிலை

எண்ணும் விரல்ரேகையும் கேட்கும் மின்னணுப் பூட்டுகள் சந்தைக்கு வந்துள்ளன. சாவி மாற்றும் தேவை அவற்றில் எண் மாற்றும் தேவையாகிறது. மின்கலம் தீர்ந்தால் திறக்க அவற்றில் பலவற்றுக்கு மூடிக்குள் ஒரு சாவித்துளை வைத்திருக்கிறார்கள். அது பெரும்பாலும் சிறிய சிலிண்டரே. குடித்தனக்காரர் மாறும்போது எண்ணை அழிப்பவர்கள் அந்தச் சிலிண்டரின் பின்களையும் மாற்ற வேண்டும்.